தாயை ஒப்படைக்கும் முன்

(அணுசக்தி நகர்த் தமிழ்க் குடும்பங்களின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

ஆண்டு விழா என்றால் குழந்தைகளின் நடனமும், திருக்குறள் ஒப்புவித்தல் போட்டியும், ஒரு நகைச்சுவை நாடகமும், முடிவில் வாழையிலை விருந்தும் என்பது நம் மரபு. அவற்றுக்கிடையே முதியோர் இல்லங்களைப் பற்றியும் நர்சிங் ஹோம்களைப் பற்றியும் பேசுமாறு எங்களைப் பணித்துவிட்டார்கள். விருந்துக்கு முன் கஷாயம் கொடுப்பது போன்ற வேலை இது. கணவனும் மனைவியுமாகிய எங்கள் இருவரையும் சேர்த்தே அழைத்திருப்பதால் இவ்வுரை முழுவதும் "நாங்கள்" என்றே பேசுகிறோம். யார் சொல்லும் சொல் எது என்று நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. வீட்டிலும் அப்படியே நடக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

பேச ஒப்புக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சென்ற மூன்று ஆண்டுகளில் இக்குடியிருப்பின் எத்தனையோ வீட்டார் எங்களை மாடிப்படியிலும், காய்கறிக் கடையிலும், மருந்தகத்து வரிசையிலும் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: "உங்கள் தாயாரை எங்கே சேர்த்தீர்கள்? நல்ல இடந்தானா?" தாழ்ந்த குரலில் கேட்பதற்குக் காரணம் வெட்கம். பெற்ற தாயைப் பிறரிடம் விட்டவர்கள் என்று ஊர் சொல்லுமே என்ற அச்சம். அந்த வெட்கத்தாலேயே கேட்க வேண்டிய கேள்விகளை நாம் கேட்காமல் விடுகிறோம். நாங்களும் விட்டோம்.

நம் குடியிருப்பின் நிலையை எண்ணிப் பாருங்கள். பணியில் இருக்கும்வரை வீடு உண்டு. ஓய்வு பெற்றால் காலி செய்து கொடுத்துவிட்டுச் செம்பூருக்கோ, வாஷிக்கோ, கார்கருக்கோ, அல்லது கோவைக்கோ, ஸ்ரீரங்கத்திற்கோ போக வேண்டும். தந்தையார் காலமானபின் தாயாரைத் திருநெல்வேலியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ அழைத்து வந்து, இரண்டு அறைகளில் ஒன்றை அவருக்கு ஒதுக்கி, பிள்ளைகளைக் கூடத்தில் படிக்க வைக்கிறோம். இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளே பெரும்பாலானவை. தாயார் நடமாடும்வரை வீடு நிறைந்திருக்கும். அவர் விழுந்தாலோ, வாதத்தில் படுத்தாலோ அன்றுதான் நம் வீடு எத்துணைச் சிறியது என்பது தெரிகிறது. நம் குடியிருப்பிலேயே நல்ல மருத்துவமனை இருக்கிறது. அது நமக்குக் கிடைத்த பேறு. ஆயினும் மருத்துவமனை என்பது நோயைத் தீர்க்கும் இடம். நோய் தணிந்த பின்னும் தாமே எழுந்திருக்க இயலாத ஒருவரை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வைத்துக் காப்பது எந்த மருத்துவமனைக்கும் ஆகாது. அப்போதுதான் செய்தித்தாளின் சிறு விளம்பரங்களைப் புரட்டத் தொடங்குகிறோம்.

எங்கள் தாயாருக்கு அப்போது வயது 81. வலக்கையும் வலக்காலும் தளர்ந்துவிட்டன. பேச்சு குழறினாலும் நினைவு பெரும்பாலும் தெளிவாகவே இருந்தது. ஆனால் அவருக்குத் தெரிந்த மொழி ஒன்றே ஒன்று. முப்பது ஆண்டுகள் மும்பைக்கு வந்து போனவர் என்றாலும், இந்தியிலோ மராத்தியிலோ நான்கு சொற்களுக்கு மேல் அவர் கற்கவில்லை. கற்க வேண்டிய தேவையும் நேரவில்லை. பால்காரர் முதல் பூக்காரி வரை அவரோடு பேசித் தமிழ் கற்றுக்கொண்டார்கள்.

வளைகுடாவிற்கு அப்பால் ஓர் இல்லத்தைக் கண்டோம். பெயரைச் சொல்லமாட்டோம், சொல்லி ஆவதும் இல்லை. வாயிலில் பிள்ளையார், பளிங்குத் தரை, துளசி மாடம், சிறு தோட்டம். அலுவலகத்தில் குளிர்ந்த காற்று. உணவுப் பட்டியலில் வாரம் இருமுறை இட்லி, சாம்பார். நடைவழியில் பினாயில் மணந்தது. அதைத் தூய்மையின் மணம் என்று எண்ணினோம். அரை மணி நேரத்தில் கையெழுத்திட்டு, மூன்று மாதப் பணத்தை முன்பணமாகக் கட்டினோம். ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறுவரை பார்க்கலாம் என்றார்கள். அதையும் ஒழுங்கின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டோம்.

இரண்டு ஞாயிறுகள் சென்று பார்த்தோம். தலை வாரி, பொட்டு வைத்து, நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மே மாதத்தில் ஒரு புதன்கிழமை, அந்தப் பக்கம் போக நேர்ந்ததால், பிற்பகல் இரண்டு மணிக்குச் சொல்லாமல் உள்ளே நுழைந்தோம். தாயார் கட்டிலில் கிடந்தார். அந்த வெயிலில் அவர்மேல் இரண்டு கம்பளிகள். உதடுகள் வெடித்திருந்தன. கண்கள் குழிந்திருந்தன. "தண்ணி, தண்ணி" என்று முனகிக் கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பணிப்பெண் எங்களைக் கண்டதும் அன்போடு இந்தியில் சொன்னாள்: "பாட்டி காலையிலிருந்து தண்டீ, தண்டீ என்கிறார். ஒரு கம்பளி போதவில்லை, இரண்டாவதும் போர்த்தினேன்."

தண்டீ என்றால் இந்தியில் குளிர். இதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். எங்களுக்கும் தெரியும். தெரிந்திருந்தும், அந்த ஒற்றை எழுத்து வேறுபாட்டில் ஒரு மனுஷி தாகத்தால் வாடக்கூடும் என்பது சேர்க்கும்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

தண்ணீர் புகட்டிவிட்டு உடலைத் திருப்பினோம். இடுப்பின் கீழே, வால் எலும்பின்மேல், ரூபாய் நாணயம் அளவு புண். அன்றே அவரை மருத்துவமனைக்குக் கொண்டு வந்தோம். நீரிழப்பு இரண்டு நாளில் சீரடைந்தது. புண் ஆற நான்கு மாதங்கள் ஆயின.

அந்தப் பணிப்பெண்ணை நாங்கள் இன்றுவரை குறை கூறியதில்லை. பத்தொன்பது வயதிருக்கும். கிராமத்திலிருந்து வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. அந்த ஷிப்டில் பதினொரு முதியோரை அவள் ஒருத்தியே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்குப் புரிந்த அளவில் அவள் அன்பாகவே நடந்துகொண்டாள். பதினொருவர்க்கு ஒருத்தி என்பது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இங்கேதான் எங்களுக்கு நாணம் வருகிறது. நாம் யார்? நம்மில் பலர் மார்பில் கதிர்வீச்சு அளவியை அணிந்துகொண்டு வேலைக்குச் செல்பவர்கள். 1983 நவம்பர் 15 அன்று நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைமையகமாகிய நியாமக் பவன் நம் அணுசக்தி நகரிலேயே நிற்கிறது. நடத்துபவர் வேறு, சோதிப்பவர் வேறாக இருக்க வேண்டும் என்பதை நாம் தினமும் கண்ணால் காண்கிறோம். ஷிப்ட் மாறும்போது பதிவேட்டைப் படித்துக் கையெழுத்திடாமல் பொறுப்பேற்பதில்லை. சிறு பிசகையும் எழுதி வைக்கிறோம். பிசகே இல்லாத பதிவேட்டைக் கண்டால் மகிழ்வதில்லை, ஐயப்படுகிறோம். இவ்வளவும் அறிந்தவர்கள், ஒரு கூடத்தின் தோட்டத்தையும் பளிங்கையும் பார்த்து அங்கே நிகழும் வேலையை மதிப்பிட்டோம். வேலையிடத்தில் இப்படிச் செய்தால் நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இனி, சட்டம் நமக்கு எதைத் தருகிறது என்று பார்ப்போம். நர்சிங் ஹோம் என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அச்சொல் முதியோர் தங்கிப் பேணப்படும் இல்லத்தைக் குறிக்கும். மும்பையிலோ, மாதுங்காவிலும் செம்பூரிலும் தெருவுக்குத் தெரு நாம் காணும் சிறு தனியார் மருத்துவமனைக்கு அந்தப் பெயர். பிள்ளைப்பேற்றுக்கும் குடல்வால் அறுவைக்கும் நாம் போன இடங்கள் அவை. அவற்றுக்காக 1949இல் இயற்றப்பட்டதே பம்பாய் நர்சிங் ஹோம் பதிவுச் சட்டம். இன்று அது மகாராஷ்டிரப் பெயரோடு நடைமுறையில் உள்ளது. இந்நகரில் பதிவு செய்யும் அதிகாரம் மாநகராட்சியிடம் இருக்கிறது. நோயுற்றோர், காயமுற்றோர் மட்டுமின்றி, உடல் தளர்ந்தோரை ஏற்றுச் சிகிச்சையும் செவிலியப் பணியும் அளிக்கும் இடமும் நர்சிங் ஹோமே என்று அச்சட்டத்தின் இலக்கணம் சொல்கிறது. தகுதி பெற்ற மருத்துவரோ செவிலியரோ அங்கேயே தங்கிப் பொறுப்பேற்றிருக்க வேண்டும் என்றும், பணிபுரிவோரில் தகுதியுள்ள செவிலியர் உரிய விகிதத்தில் இருக்க வேண்டும் என்றும், பதிவுச் சான்றிதழைக் கண்ணில் படும் இடத்தில் மாட்ட வேண்டும் என்றும் கூறுகிறது. 2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி நோயாளர் உரிமைப் பட்டயத்தையும் கட்டண விவரத்தையும்கூட அவர்கள் காட்சிக்கு வைக்க வேண்டும்.

ஏட்டில் இருப்பது நாட்டில் இருக்கிறதா என்பது வேறு கதை. 1994இல் சுனில் நந்த்ராஜ் என்ற ஆய்வாளர், எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி இதழில், தனியார் மருத்துவமனைகளின் தரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சட்டம் பிறந்து 45 ஆண்டுகளுக்குப் பின்னும் மும்பையில் குடியிருப்புக் கட்டடங்களின் நெருக்கடியில், பயிற்சியில்லாத பணியாளரைக் கொண்டு, தேவையான கருவிகளின்றி நர்சிங் ஹோம்கள் நடப்பதை அது எடுத்துக்காட்டியது.

முதியோர் இல்லம் என்று பலகை மாட்டினால் நிலைமை இன்னும் மங்கலாகிறது. 2007இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் பெறவும், ஆதரவற்ற முதியோர்க்கு மாவட்டந்தோறும் இல்லம் அமைக்கவும் வழிசெய்தது. பெற்றோரைக் கைவிடுவது குற்றம் என்றது. ஆனால் பணம் பெற்று நடத்தும் தனியார் இல்லத்தில் இரவில் எத்தனை செவிலியர் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. அத்தகைய இல்லங்களைப் பதிவு செய்ய வகைசெய்யும் திருத்த மசோதா 2019இல் மக்களவையில் கொண்டுவரப்பட்டது. சட்டமாகாமலேயே 2024இல் அந்த மக்களவையின் காலம் முடிந்தது. ஆகவே, வீட்டைவிட மருத்துவமனையை ஒத்த, ஆனால் மருத்துவமனை என்று சொல்லிக்கொள்ளாத இல்லங்கள் பல, இரண்டு சட்டங்களுக்கும் இடையிலுள்ள சந்தில் நிற்கின்றன. நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுவே: "ஐயா, நீங்கள் எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றிருக்கிறீர்கள்? சான்றிதழைப் பார்க்கலாமா? அது எந்நாள்வரை செல்லும்?" முகம் சிவந்தால் அதுவே விடை. ஊரில் தாய் தந்தையரை வைத்திருப்போர் நினைவில் கொள்க: தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்களுக்கு 1997ஆம் ஆண்டின் சட்டம் தனியே உள்ளது. இங்குள்ள சான்றிதழ் அங்கே செல்லாது. அங்குள்ளது இங்கே செல்லாது.

சான்றிதழ் இருந்துவிட்டால் போதுமா? போதாது. அது வாசற்படி மட்டுமே. உள்ளே நடப்பதை நாமேதான் அறிய வேண்டும். முதல் அனுபவத்திற்குப் பின் நாங்கள் ஏழு இல்லங்களைச் சென்று பார்த்தோம். பார்க்கப் பார்க்கக் கண் பழகியது.

இரவைப் பற்றியே முதலில் கேளுங்கள். பகலில் மேலாளர் இருப்பார், மருத்துவர் வந்து போவார், பிசியோதெரபி நடக்கும். முதியோர் விழுவதும், மூச்சு முட்டுவதும், தாகத்தில் தவிப்பதும் இரவு பத்துக்கும் காலை ஆறுக்கும் இடையிலும் நேரும். "இரவு ஷிப்டில் பதிவு பெற்ற செவிலியர் யார்? அவர் பெயர் என்ன? எத்தனை பேரைப் பார்க்கிறார்?" என்று கேளுங்கள். "எங்கள் ஆட்கள் எல்லாரும் நர்ஸ்தான்" என்ற விடையை ஏற்காதீர்கள். மூன்றாண்டு படித்துச் செவிலியர் மன்றத்தில் பதிந்தவர் வேறு. இரண்டாண்டு படித்தவர் வேறு. பீரோ அனுப்பிய மௌசி வேறு. பீரோ என்றால் நம் ஊரில் இரும்பலமாரி. இங்கே கூலிக்கு ஆள் அனுப்பும் நிலையம். அலமாரியே மேல் என்று நினைக்க வைத்த ஆட்களும் உண்டு. பெற்ற மகளைப் போல் பேணிய மௌசிகளும் உண்டு. மௌசி இருப்பது குறையன்று. அவருக்கு மேலே மருந்தும் நாடியும் அறிந்த ஒருவர் இரவில் விழித்திருக்கவில்லை என்றால் அதுவே குறை. முடிந்தால் சேர்ப்பதற்கு முன் ஓர் இரவு ஒன்பது மணிக்கு, ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, அந்த இல்லத்திற்குப் போய் நில்லுங்கள். ஓர் அழைப்புமணி ஒலித்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறது என்று உங்கள் கைக்கடிகாரத்தில் பாருங்கள். சில இல்லங்களில் மணியே இல்லை. ஓரிடத்தில் மணி இருந்தது. அதன் கயிற்றைச் சுருட்டிக் கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே, படுத்திருப்பவர் கைக்கு எட்டாதவாறு, அழகாக முடிந்து வைத்திருந்தார்கள்.

அடுத்தது தோல். படுக்கைப் புண் நோயினால் வருவது என்று நம்மிடம் சொல்வார்கள். பெரும்பாலும் அது கவனிப்பின் குறை என்று நைட்டிங்கேல் அம்மையார் 1859இலேயே எழுதிவிட்டார். தாமே புரள இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். மாற்றினார்களா என்பதற்குச் சான்று கட்டிலின் காலடியில் தொங்கும் தாளில் இருக்கும். தாளைப் பார்க்கும்போது ஒன்றை உற்று நோக்குங்கள். எல்லாப் பதிவும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே வேகத்தில் இருந்தால், இருபத்துநான்கு மணி நேர வேலை ஐந்து நிமிடத்தில் எழுதப்பட்டது என்பது பொருள். பதிவேடு எழுதிப் பழகிய நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. புண் தோன்றுமுன் தோல் சிவக்கும். அழுத்தி எடுத்தாலும் அச்சிவப்பு வெளுக்காது. நம் மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பு கண்ணுக்கு எளிதில் தெரியாது; ஆகவே விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் எச்சரிக்கை. வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கம், பின்தலை ஆகிய இடங்களை ஒவ்வொரு முறையும் பாருங்கள். தாயின் உடலைப் புரட்டிப் பார்க்க மகனுக்குக் கூச்சமாக இருக்கலாம். மகளோ மருமகளோ பார்க்கட்டும். யாரும் பார்க்காமல் விடுவது மட்டும் ஆகாது.

மாதக் கணக்குச் சீட்டையும் படியுங்கள். பணத்திற்காக மட்டும் அன்று. டயப்பர் எத்தனை செலவாயிற்று என்று அதில் இருக்கும். நாளொன்றுக்கு இரண்டு என்றால், உங்கள் தாயார் எத்தனை மணி நேரம் ஈரத்தில் கிடந்தார் என்பதை நீங்களே வகுத்துப் பார்க்கலாம். மாதம் ஒருமுறை எடை பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள். இட்லி பட்டியலில் இருக்கிறதா என்பதைவிட, இட்லி வாய்க்குள் போகிறதா என்பதை எடைதான் சொல்லும். முதுமையில் தாக உணர்வே குறைந்துவிடுகிறது. கேட்டால் கொடுப்போம் என்ற இல்லம் போதாது, கேளாமலே மணிக்கணக்கில் புகட்டும் இல்லம் வேண்டும்.

எப்போது போனாலும் தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்றால் மருந்துத் தாளைக் கேட்டு வாங்குங்கள். யார் எழுதிக் கொடுத்த மாத்திரை, எதற்காக, எத்தனை நாளாக என்று வினவுங்கள். உறக்க மாத்திரை ஆள் குறைவுக்கு மருந்தாகிவிடக் கூடாது. அதுபோலவே கட்டிப்போடுவதும். "விழாமல் இருப்பதற்காகத்தான்" என்று சேலைத் துணியால் கையைக் கட்டிலோடு பிணைத்திருப்பதை நாங்கள் ஓரிடத்தில் கண்டோம். கண்டவுடன் ஏர்வாடி நினைவுக்கு வந்தது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளரைப் பேணுவதாகச் சொன்ன ஒரு தனியார் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 உயிர்கள் போயின. அவர்களை அங்கே விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். நம்மைப் போல் வழி தெரியாமல் நம்பி விட்டுச் சென்ற தாய் தந்தையரும் உடன்பிறந்தாரும்தான். அவர்கள் விட்டுச் சென்ற இடத்தில் இரவில் என்ன நடக்கிறது என்று அறியும் வழி அவர்களுக்கு இல்லை. நமக்கு இருக்கிறது.

தீயைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். ஏர்வாடி ஓலைக் கொட்டகை. ஆதலால் அப்படி நேர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் டாகுரியாவில் இருந்த ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனை புகழ் பெற்ற, குளிரூட்டப்பட்ட, கண்ணாடி முகப்புக் கட்டடம். வண்டிகள் நிறுத்த வேண்டிய கீழ்த்தளத்தில் எளிதில் பற்றும் பொருள்களை அடுக்கியிருந்தார்கள். அங்கிருந்து எழுந்த புகை மேல்மாடிகளை நிறைத்தது. 90க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் சுடரால் அன்று, புகையால். எழுந்து ஓட முடியாதவர்களே அங்கே படுத்திருந்தார்கள். கேரளத்துச் செவிலியர் இருவர் எட்டு நோயாளரை வெளியே சேர்த்துவிட்டு, ஒன்பதாமவர்க்காக உள்ளே சென்று உயிர் துறந்தனர். நம் மாநிலத்திலும் 2021 ஜனவரி 9 அன்று பண்டாரா மாவட்ட மருத்துவமனையில் 10 பச்சிளங் குழந்தைகளும், அவ்வாண்டு ஏப்ரல் 23 அன்று விராரில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நோயாளரும் தீக்கு இரையானார்கள்.

ஆகவே இல்லத்தைப் பார்க்கப் போகும்போது கீழ்த்தளத்தையும் மாடிப்படியின் அடியையும் எட்டிப் பாருங்கள். பழைய மெத்தைகளும் ஆக்சிஜன் உருளைகளும் ஒன்றாகக் கிடந்தால் திரும்பி வந்துவிடுங்கள். லிப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா? குடியிருப்புக் கட்டடத்தில் இரண்டு வீடுகளை இணைத்து நடத்தும் இல்லங்களில் பெரும்பாலும் நுழையாது. நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்துப் படியில் தூக்கி இறக்குவார்கள். அதுவும் பகலில், இரண்டு ஆள் இருந்தால். ஜன்னல்களில் திருட்டுக்கு அஞ்சிப் போட்ட இரும்புக் கம்பி, தீக்கு அஞ்சுபவர்க்கு எமன். மகாராஷ்டிரத்தின் 2006ஆம் ஆண்டுத் தீத்தடுப்புச் சட்டப்படி உரிமம் பெற்ற நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், தீயணைப்பு ஏற்பாடுகள் நல்ல நிலையில் உள்ளன என்ற படிவம் பெறப்பட வேண்டும். அதன் கடைசிப் படியைக் கேளுங்கள். நாங்கள் கேட்ட ஏழில் இரண்டு இல்லங்களே எடுத்துக் காட்டின. தரைத்தளமே தீக்கு நல்லது என்று நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தபோது, இக்குடியிருப்பின் மூத்த நண்பர் ஒருவர் 2005 ஜூலை 26ஐ நினைவூட்டினார். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த அந்த நாளில் தரைத்தளத்தில் படுக்கையில் கிடந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டார். எனவே தெருவின் தாழ்வு மேட்டையும், முன்பு தண்ணீர் நின்ற கறை சுவரில் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தோம். மும்பையில் வீடு தேடுவோர்க்கு இது பழகிய கலையே.

அமெரிக்காவில் இருக்கும் எங்கள் தம்பி ஒரு நாள் தொலைபேசியில், "அங்கே ஓட்டலுக்குப் போல் இல்லங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிறார்களே, இங்கே இல்லையா?" என்று கேட்டான். உண்மைதான். 1987இல் அங்கே இயற்றிய சட்டத்தால் முன்னறிவிப்பின்றி ஆய்வு நடக்கிறது. ஆய்வறிக்கையை யாரும் படிக்கலாம். 2008 முதல் ஐந்து நட்சத்திர மதிப்பீடும் உண்டு. ஆனால் தொடக்கத்தில் செவிலியர் எண்ணிக்கையை இல்லங்கள் தாமே எழுதிக் கொடுத்தன. 2016 முதல்தான் சம்பளப் பதிவேட்டின்படி கணக்குக் கேட்கத் தொடங்கினார்கள். அவ்வளவு செல்வம் படைத்த நாட்டிலும் தன் மதிப்பெண்ணைத் தானே இட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்திருக்கிறது! நம் நாட்டில் இந்தியத் தரக் குழுவின் கீழுள்ள என்.ஏ.பி.எச். அமைப்பின் அங்கீகாரம் சில மருத்துவமனைகளுக்கு உண்டு. அது விரும்பி விண்ணப்பிப்போர்க்கே கிடைப்பது, இருந்தால் நல்லது.

பண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். முன்பணம் எந்நிலையில் திரும்பக் கிடைக்கும், நடுவில் மருத்துவமனைக்கு மாற்றினால் அந்நாள்களுக்குக் கட்டணம் உண்டா, நோய் முற்றினால் வெளியேற்றுவார்களா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். எங்கள் முன்பணத்தில் பாதி வரவே இல்லை.

பார்வை நேரத்தைப் பற்றி எங்கள் கருத்து கடுமையானது. குறித்த நாளில் குறித்த மணியில் மட்டுமே உள்ளே விடும் இல்லத்தில் யாரையும் சேர்க்காதீர்கள். எந்த நேரத்திலும் வரலாம் என்று சொல்லும் இல்லத்திலும், சொல்லை நம்பாமல் வந்து காட்டுங்கள். ஒரு வாரம் திங்கள் காலை, மறுவாரம் வியாழன் இரவு. போகும்போது உங்கள் தாயாரிடம் மட்டும் பேசாமல் அடுத்த கட்டிலில் இருப்பவரிடமும் இரண்டு சொல் பேசுங்கள். அடிக்கடி ஆள் வரும் கட்டிலுக்குக் கவனிப்பு தானே கூடுகிறது. ஏழை மௌசிக்கும் அது துணைதான். "இவர்களிடம் சொல்லலாம்" என்று அவளுக்கும் ஒரு வழி பிறக்கிறது.

எங்கள் தாயாரை இரண்டாவதாகச் சேர்த்த இல்லத்தில் பளிங்கு இல்லை. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. நடைவழியில் சிறிது மூத்திர வாடையும் அடித்தது. ஆனால் பொறுப்புச் செவிலியர் எங்களைக் கண்டதும் கட்டணத்தைப் பற்றிப் பேசவில்லை. "அம்மாவுக்கு எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும்? இரவில் எத்தனை முறை எழுவார்? என்ன சொல்லித் தண்ணீர் கேட்பார்?" என்று கேட்டார். மூன்றாவது கேள்வியில் எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

அன்றிரவே ஓர் அட்டை எழுதினோம். தண்ணி, வலிக்குது, குளிருது, வேர்க்குது, பசிக்குது, ஒண்ணுக்கு வருது, பயமா இருக்கு, விளக்கை அணைக்காதே என எட்டுச் சொற்கள். ஒவ்வொன்றையும் அப்படியே ஒலிக்குமாறு நாகரி எழுத்தில் எழுதி, பக்கத்தில் மராத்தியிலும் இந்தியிலும் பொருள் எழுதினோம். கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினோம். "தண்ணி என்றால் தண்டீ அன்று" என்பதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டோம். ஒரு மாதத்திற்குள் அங்கிருந்த மௌசிகள் நால்வரும் எட்டுச் சொல்லையும் கற்றுக்கொண்டார்கள். அதில் ஒருத்தி, எங்கள் தாயார் கேட்குமுன்பே கோப்பையை நீட்டி, "தண்ணி வேணுமா பாட்டி?" என்று கேட்பாள். "வேணுமா" எங்கள் அட்டையில் இல்லாத சொல். அதை அவளுக்குத் தாயாரே கற்பித்திருக்கிறார்.

அங்கே அவர் பதினாறு மாதங்கள் இருந்தார். ஒரு புதிய புண்ணும் இல்லாமல், ஒரு கார்த்திகை மாதக் காலையில், உறக்கத்தில் போனார்.

அந்த அட்டையின் படிகளைச் சங்கத்தார் தடித்த தாளில் அச்சிட்டு, இந்த மண்டபத்தின் பின்வாயிலில், பந்திக்குப் போகும் வழியில் மேசைமேல் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர் வழக்கில் வேறு சொல் இருந்தால் எழுதிக்கொள்ள அதன் கீழே நான்கு வரி இடம் விட்டிருக்கிறது. நாங்கள் சென்று பார்த்த இல்லங்களைப் பற்றித் தனியே அறிய விரும்புவோர் விருந்து முடிந்தபின் எங்களிடம் வரலாம். தாழ்ந்த குரலில் கேட்க வேண்டியதில்லை.